ஒரு அம்மோனைட்டும் ஐந்து விண்ணப்பங்களும்: நிலவியல், சுற்றுச்சூழல் படிப்புகளுக்கான சேர்க்கைத் தகுதி குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2024 மே மாதம், +2 முடிவு வந்த வாரம். அரியலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அப்பாவும் மகளும் என்னைப் பார்க்க வந்தார்கள். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். குவாரியிலிருந்து சிமென்ட் ஆலைக்கு ஒரு நாளைக்கு நாலைந்து நடை. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். மதிப்பெண் பட்டியலை அப்பா வைத்திருந்தார். மகள் கையில் ஒரு பழைய டிபன் டப்பா இருந்தது. திறந்து காட்டினாள். உள்ளே துணியில் சுற்றிய ஒரு கல், உள்ளங்கை அளவு, ஆட்டுக்கொம்பு போலச் சுருண்டு, மேலெல்லாம் வரிவரியாக.

"சார், இதைப் பத்திப் படிக்கணும்னா எதுல சேரணும்?"

அது அம்மோனைட். இன்றைய அரியலூர்ப் பகுதி கடலுக்குள் இருந்த காலத்தில் அங்கே நீந்திய உயிரினத்தின் ஓடு. வயது ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகள். காரை கிராமத்தை ஒட்டிய செம்மண் ஓடைகளில் மழை பெய்து முடிந்ததும் இப்படி நிறைய வெளியே தெரியும். பக்கத்திலேயே சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. 1940இல் அதைக் கண்டு பதிவு செய்தவர் எம்.எஸ். கிருஷ்ணன், பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் இயக்குநராக இருந்தவர். இந்தக் கதையையெல்லாம் சொல்லிக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விட்டது. அப்புறம்தான் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். பார்த்ததும் முதலில் கண்ணில் பட்டது மதிப்பெண் அல்ல. பாட வரிசை. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். கணக்கு இல்லை.

பத்தாம் வகுப்பு முடித்தபோது "உனக்குக் கணக்கு வராது, செகண்ட் குரூப் எடு" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளும் எடுத்துவிட்டாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் அவள் வாங்கியது 81. குரூப் எடுத்த அந்த ஒரு முடிவு எந்தெந்தக் கதவை அடைத்தது, எதைத் திறந்தே வைத்தது என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்ததுதான் இந்த ஆய்வு. அவளுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று நானே விட்டுவிட்டேன்.

அவள் கொண்டுவந்த பட்டியல்

ஒரு நோட்டுத் தாளில் ஐந்து எழுதி வைத்திருந்தாள். ஐ.ஐ.டி. அப்ளைடு ஜியாலஜி. கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது நிலவரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் கணினியில் கையாளும் படிப்பு. ஐசர், அதாவது அறிவியல் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமான மத்திய அரசு நிறுவனம். ஏதாவது ஓர் அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. கடைசியாக, சென்னைக்குப் பக்கத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியின் பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல். ஐந்தாவதற்கு நேரே "மாமா சொன்னது" என்று சிறிய எழுத்தில் குறிப்பு.

நாலாவதில் ஒரு சிக்கல் இருந்தது. அவள் எழுதியிருந்தது "பி.எஸ்சி. புவியியல்". பள்ளியில் புவியியல் என்றால் ஜியாகிரபி. கல்லைப் படிக்கும் ஜியாலஜியைச் சிலர் நிலவியல் என்கிறார்கள், சிலர் புவியமைப்பியல் என்கிறார்கள். போதாக்குறைக்கு, ஜி.எஸ்.ஐ. தமிழில் "இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை" ஆகிவிட்டது. மாணவர்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்? விண்ணப்பப் பக்கத்தில் இரண்டு படிப்பும் அடுத்தடுத்த வரியில் வரும். அவள் ஜியாகிரபியைத்தான் தேர்ந்தெடுக்க இருந்தாள். இரண்டுமே நல்ல படிப்புகள். ஆனால் ஜியாகிரபி பட்டத்தோடு பின்னால் எம்.எஸ்சி. ஜியாலஜி வாசலில் போய் நின்றால் பெரும்பாலான இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். இந்த ஆய்வில் நான் செய்த மிகப் பயனுள்ள வேலை, அந்தத் தாளில் ஒரு சொல்லை அடித்துவிட்டு இன்னொன்றை எழுதியதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வாசல் வாசலாக

ஐ.ஐ.டி.யை முதலில் பார்த்தோம், ஏனென்றால் அதை முடிப்பது சுலபம். காரக்பூர், ரூர்க்கி, தன்பாத் ஆகிய ஐ.ஐ.டி.களில் +2 முடித்ததுமே நிலவியலிலும் புவி இயற்பியலிலும் சேர இடம் உண்டு. கான்பூரில் புவி அறிவியலுக்கு நான்கு ஆண்டு பி.எஸ். இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வழி ஜே.இ.இ. முதலில் மெயின், அதில் முதல் இரண்டரை லட்சம் பேருக்கு மட்டும் அட்வான்ஸ்டு. அதையும் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுதலாம். +2வில் 75 சதவீதம் வேண்டும், அல்லது அந்தந்தப் பாடத்திட்டத்தில் முதல் 20 பெர்சென்டைலுக்குள், அதாவது முதல் 20 சதவீத மாணவர்களுக்குள், வர வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த 75 என்பது 65. பலர் 75ஐ மட்டும் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். "அல்லது" என்ற சொல்லையும் படிக்க வேண்டும். ஆனால் இவள் விஷயத்தில் அது எதுவுமே பொருட்டில்லை. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் +2வில் இருக்க வேண்டும். இல்லை. கதவு மூடியது.

ஒன்று சொல்ல வேண்டும். ஐ.ஐ.டி. கலந்தாய்வில் நிலவியல் இடங்கள் தரவரிசையின் பின்பகுதியில்தான் நிரம்பும். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காதவர்கள் அங்கே வந்து சேர்வது வழக்கம். இந்தக் கல்லைத் துணியில் சுற்றி வைத்திருப்பவளுக்கு அங்கே நிற்கவே வழியில்லை என்பது எனக்கு அன்றும் வலித்தது, இன்றும் வலிக்கிறது.

கிண்டி ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸும் அப்படியே. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 எனச் சுருக்கி 200க்குக் கட்ஆஃப் போடுவார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. அவள் அதற்கு முழுத் தகுதி உடையவள். ஆனால் 200இல் பாதி கணக்கு. இரண்டாவது கதவும் மூடியது. அப்பா இந்த இடத்தில்தான் முதல் முறையாகப் பேசினார். "கணக்கு எடுக்காதது இவ்வளவு பெரிய தப்பா சார்?" என்றார். "தப்பு பிள்ளை மேல இல்லண்ணே" என்றேன். வேறென்ன சொல்வது?

ஐசர்தான் எதிர்பாராத கதவு. நாட்டில் ஏழு ஐசர்கள் உள்ளன. நமக்குப் பக்கத்தில் திருப்பதியும் திருவனந்தபுரமும். ஐந்து ஆண்டு பி.எஸ்.-எம்.எஸ். முதலில் எல்லா அறிவியலும் படித்துவிட்டுப் பின்னர் முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கொல்கத்தா, புனே, மொகாலி, போபால் ஐசர்களில் புவி அறிவியலுக்கென்றே துறைகள் உண்டு. மொகாலியிலும் போபாலிலும் துறையின் பெயரிலேயே சுற்றுச்சூழலும் சேர்ந்திருக்கிறது. கேட்கும் தகுதி: உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கில் குறைந்தது மூன்று +2வில் படித்திருக்க வேண்டும், மொத்தத்தில் 60 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 55. கணக்கு இல்லாமலே அவளுக்குத் தகுதி இருந்தது!

ஆனால் தகுதி என்பது வேறு, தேர்வு என்பது வேறு. ஐசர் நுழைவுத் தேர்வில் 60 கேள்விகள், நான்கு பாடத்துக்கும் தலா 15. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். மொத்தம் 240. கணக்குப் பகுதியைத் தொடாமல் விட்டால் 60 மதிப்பெண் அப்படியே போய்விடும். கணக்கு படித்தவர்கள் 240க்கு ஓட, இவள் 180க்குள் ஓட வேண்டும். கேள்வித்தாள் தமிழில் கிடையாது. இன்னொரு விஷயம்: இதற்கான விண்ணப்பம் +2 முடிவு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நல்ல வேளையாக அவள் வந்தபோது இன்னும் திறந்திருந்தது. அன்றே என் மேசையில் உட்கார்ந்து விண்ணப்பித்தோம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சி.யு.இ.டி.க்கு அந்த வாய்ப்பும் இல்லை. 2022இல் தொடங்கிய அந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் முடிவு வரும் வரை காத்திருந்த இவளைப் போன்றவர்கள் 2024இல் தேதியைத் தவறவிட்டிருந்தார்கள். +2 முடிவு வந்த பிறகுதான் கல்லூரியைப் பற்றி யோசிப்பது என்ற பழக்கம் நம் கிராமத்துப் பிள்ளைகளிடமிருந்து பறித்துக்கொண்டது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் மனசு ஆறாது.

கலைக் கல்லூரி வழி

நான்காவது, அவளுக்கு மிக நெருக்கமாக இருந்த வழி. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நிலவியல் எல்லா ஊரிலும் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரி என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். நுழைவுத் தேர்வு கிடையாது. அரசுக் கல்லூரிகளில் மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். அவளிடம் 342 இருந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். வீட்டுக் கணக்கில் அது சின்னத் தொகை இல்லை.

இங்கேதான் மாமா சொன்ன ஐந்தாவதும் எதிரே வந்து நின்றது. "இந்தக் காலத்துக்கு என்விரான்மென்ட்தான் சார், ஜியாலஜி எல்லாம் பழசு" என்று மாமா போனில் என்னிடமும் சொன்னார். சேர்க்கைத் தகுதியைப் பார்த்தால் அவர் சொன்ன படிப்புதான் இன்னும் எளிது. +2வில் அறிவியல் படித்திருந்தால் போதும். நிலவியலோ கல்லும் சம்மட்டியும் வெயிலும். எதைச் சொல்வது?

அப்போது அப்பாவின் சட்டைப் பையில் இருந்த எடைமேடைச் சீட்டைக் கேட்டு வாங்கினேன். பின்பக்கம் வெற்றிடம். மேலிருந்து கீழே எழுதாமல், கீழிருந்து மேலே எழுதினேன். அடியில் அவள் கடைசியாகச் செய்ய விரும்பும் வேலை. அதற்கு மேலே அந்த வேலை கேட்கும் முதுநிலைப் பட்டம். அதற்கும் மேலே அந்த முதுநிலை கேட்கும் இளநிலைப் பட்டம். சேர்க்கைத் தகுதிகளை ஒப்பிடும்போது எல்லோரும் முதல் வாசலை மட்டும் பார்க்கிறோம். இரண்டாவது, மூன்றாவது வாசலில் என்ன கேட்பார்கள் என்று பார்த்துவிட்டு முதல் வாசலுக்கு வர வேண்டும் என்பதே நான் இத்தனை ஆண்டுகளில் கற்றது.

அடியில் அவள் எழுதச் சொன்னது ஜி.எஸ்.ஐ. 1851இல் தொடங்கிய துறை. அதில் நிலவியலாளராகச் சேர யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வை எழுத வேண்டும். வயது 21 முதல் 32. கேட்பது முதுநிலைப் பட்டம். அதிலும் எந்தெந்தப் பெயரில் என்று அறிவிப்பிலேயே வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஜியாலஜி, அப்ளைடு ஜியாலஜி, மெரைன் ஜியாலஜி, இன்ஜினியரிங் ஜியாலஜி, ஜியோகெமிஸ்ட்ரி என்று அந்தப் பட்டியல் நீளும். சுற்றுச்சூழல் அறிவியல் அதில் இல்லை. இதே தேர்வு வழியாக மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் நீர்நிலவியல் விஞ்ஞானி பணிக்கும் ஆள் எடுக்கிறார்கள். அதற்கும் நிலவியல் சார்ந்த முதுநிலைதான். தண்ணீர் என்றால் சுற்றுச்சூழல் படித்தவர்களுக்கான வேலை என்று நினைத்து ஏமாந்தவர்களை எனக்கே தெரியும்.

சரி, அதற்கு மேல்வரி. எம்.எஸ்சி. நிலவியலுக்கு எது வேண்டும்? பம்பாய் ஐ.ஐ.டி.யின் அப்ளைடு ஜியாலஜி, இளநிலையில் மூன்று ஆண்டும் நிலவியல் படித்திருக்க வேண்டும் என்கிறது; கூடவே கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் முதுநிலைக்கு நிலவியல் இளநிலைதான் நேர் வழி. சுற்றுச்சூழல் இளநிலை மட்டும் இருந்தால் இந்த வாசல்கள் திறப்பது கடினம்.

இப்போது மறுபக்கம். டெல்லி ஜே.என்.யு.வின் சுற்றுச்சூழல் அறிவியல் பள்ளியில் எம்.எஸ்சி. சேர, அறிவியலில் எந்தப் பிரிவில் இளநிலை முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். வேதியியலும் சரி, விலங்கியலும் சரி, நிலவியலும் சரி. அதாவது நிலவியலில் இருந்து சுற்றுச்சூழலுக்குப் போகப் பாதை இருக்கிறது. சுற்றுச்சூழலில் இருந்து நிலவியலுக்குத் திரும்பப் பாதை பெரும்பாலும் இல்லை. ஒருவழிச் சாலை. இதைச் சொன்னதும் லாரி ஓட்டும் அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்ப இந்தப் பக்கமாப் போனாத்தான் ரெண்டுக்கும் போலாம்" என்று மகளிடம் சொன்னார். நான் பத்து நிமிடம் விளக்கியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

சுற்றுச்சூழல் படிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. கல்லூரி ஆசிரியராவதற்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் அதற்கெனத் தனிப் பாடம் இருக்கிறது. 2021 முதல், முதுநிலைப் பொறியியலுக்கான கேட் தேர்விலும் தனித்தாள் வந்துவிட்டது. காற்று மாசு, கழிவுநீர், பல்லுயிர் என்று மனசு போகிறவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் இவள் கொண்டுவந்தது ஒரு கல்.

கணக்கு மறுபடியும் வந்த இடம்

எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.களில் சேர ஜாம் தேர்வு. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண், ஆங்கிலத்தில் மட்டும். நிலவியல் தாளின் பாடத்திட்டத்தில் கனிமம், பாறை, புதைபடிவம், அடுக்கியல், அமைப்பியல் என எல்லாம் நிலவியலே. பி.எஸ்சி. நிலவியலை ஒழுங்காகப் படித்தவருக்குப் புதிதாக எதுவும் இல்லை. +2வில் ஜே.இ.இ. என்று மூடிய அதே ஐ.ஐ.டி., மூன்று ஆண்டு கழித்து ஜாம் என்ற வேறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இது தெரியாமலேயே எத்தனையோ பேர் ஐ.ஐ.டி. நமக்கில்லை என்று +2வோடு விட்டுவிடுகிறார்கள். ஜாம் தாளை எந்தப் பட்டப்படிப்பு படித்தவரும் எழுதலாம், சேர்க்கும்போதுதான் தகுதி பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நல்ல ரேங்க் வாங்கிவிட்டுச் சேர்க்கையில் திரும்பி வருவது கொடுமை.

ஆனால் அந்தத் தாளில் 20 கேள்விகளுக்குத் தேர்ந்தெடுக்க விடைகள் கொடுத்திருக்க மாட்டார்கள். எண்ணைக் கண்டுபிடித்து நாமே எழுத வேண்டும். பாறை அடுக்கின் சாய்வுக் கோணத்திலிருந்து தடிமன் காண்பது, துளைமையும் நீரோட்ட வேகமும் கணக்கிடுவது போன்றவை. சைன், கொசைன் கைவராமல் முடியாது. அதோடு, புவி இயற்பியல் பக்கம் திரும்ப நினைத்தால் கணிதமும் இயற்பியலும் இளநிலையிலாவது இருந்தாக வேண்டும். ஆகவே எடைச்சீட்டின் மேல் ஓரத்தில் இன்னொன்றையும் எழுதினேன்: "துணைப்பாடத்தில் கணக்கு கிடைக்குமா, கேள்." துணைப்பாடம் என்றால் கல்லூரிகளில் அலைடு என்று சொல்வது. எந்தக் கல்லூரியில் எந்த அலைடு என்று பிள்ளைகள் யாரும் கேட்பதே இல்லை. நிலவியலோடு என்னென்ன இரண்டு பாடங்கள் படித்தாய் என்று முதுநிலை வாசலில் கேட்கும்போது விடை அந்த அலைடில்தான் இருக்கிறது.

ஜெர்மனி என்று இடையில் ஒரு பேச்சு வந்தது. நம் +2வை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே இளநிலையில் நேராகச் சேர முடியாது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும், அல்லது இங்கே ஓராண்டு கல்லூரிப் படிப்போ அங்கே ஓர் ஆயத்த ஆண்டோ முடிக்க வேண்டும். 2022 நவம்பரில் இருந்து, நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம். முதுநிலைக்கு வேண்டுமானால் பார்க்கலாம் என்று அதை அப்போதைக்கு ஓரம் வைத்தோம்.

என்ன ஆயிற்று

ஐசர் தேர்வு எழுதினாள். இடம் கிடைக்கவில்லை. உயிரியலும் வேதியியலும் நன்றாகச் செய்திருந்தாள். கணக்கில் ஐந்து கேள்வியைத் தொட்டாள், இரண்டு சரி. அழுதாளாம்; அம்மாதான் சொன்னார்.

ஜூலையில் பி.எஸ்சி. நிலவியலில் சேர்ந்தாள். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். சேர்வதற்கு முந்தின நாள் துறைக்குப் போய், நான் எழுதிக்கொடுத்தபடி அலைடு பாடங்களைக் கேட்டிருக்கிறாள். "இதையெல்லாம் கேட்டு யாரும்மா சேர்றாங்க" என்றார்களாம், சிரித்துக்கொண்டே. ஆனால் பதில் சொன்னார்கள். கணக்கு இருந்தது.

முதல் பருவத்தில் அலைடு கணக்கில் 46. அடுத்த பருவத்தில் 63. விடுதியில் இரவு பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துத் திரிகோணமிதியை முதலிலிருந்து போட்டுப் பார்த்ததாகச் சொன்னாள். இரண்டாம் ஆண்டில் களப்பயணம் எங்கே தெரியுமா? காரை. தன் வீட்டிலிருந்து பேருந்தில் போகக்கூடிய இடத்துக்குக் கல்லூரிப் பேருந்தில் போய் இறங்கியிருக்கிறாள். பிரண்டன் காம்பஸை அடுக்கின் மேல் வைத்துச் சாய்வைப் பார்க்கும் படம் ஒன்றை அனுப்பினாள். கீழே மூன்றே சொல்: "சார், நம்ம மண்ணு."

போன மே மாதம் அப்பா கூப்பிட்டார். சின்னவன் பத்தாவது முடித்துவிட்டான், கணக்கில் 58. பள்ளியில் செகண்ட் குரூப் எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் போன் கை மாறியது.

"சார், நான் பேசிட்டேன். அந்த ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் குரூப்ல இன்னும் நாலு சீட் இருக்காம். ஆனா அவன் என்னவாகணும்னு முதல்ல கேட்டு எழுதிட்டு வர்றேன். அப்புறம் உங்களுக்கு அனுப்புறேன், பாருங்க."

மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. எடைமேடைச் சீட்டின் பின்பக்கம். கீழிருந்து மேலே எழுதியிருந்தது.